போர்டில் அடுத்த பெயர்

ஹாஸ்டல் அம்மா கேட்டது மூன்று கேள்விகள்தான். கையில் வேன் சாவி, வாயிலிருந்து புகை மாதிரி மூச்சு, மணி காலை 6 தாண்டி ஐந்து நிமிடம் இருக்கும். "உன் ரூம் தைவான் பையன் எங்கே? ஒரு ஆள் குறையுது." தெரியலை என்றேன். "உனக்குத் திராட்சைக் கொடி வெட்டும் கவாத்து தெரியுமா?" தெரியும் என்றேன். "பூட்ஸ் இருக்கா?" காலைக் காட்டினேன். ஏறு என்றார், ஏறிவிட்டேன்.

2025 ஜூன் 10, செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் மன்னர் பிறந்தநாள் விடுமுறை, அதனால் நீண்ட வார இறுதி. ஆள் குறைந்ததற்குக் காரணம் அதுதான், யாரோ ஒருவர் மெல்போர்ன் போனவர் திரும்பி வரவில்லை. ஆஸ்திரேலியாவின் மில்டுராவில் பண்ணை வேலைக்காக ஹாஸ்டலில் காத்திருந்தவர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. சமையலறைச் சுவரில் வெள்ளை போர்டு, அதில் பெயர்கள் வரிசையாக, வேலை வந்தால் மேலே இருப்பவரை அழிப்பார்கள். அன்றைக்கு மேலே இருந்த பெயர் அந்தத் தைவான் பையனுடையது. என் பெயர் அதற்கும் கீழே மூன்றாவது.

மூன்று பதிலிலும் பொய் இல்லை என்று எனக்கு நானே பல தடவை சொல்லிவிட்டேன். இருந்தும் முதல் பதில் என்னை விடவில்லை.

அவன் அறையில் இல்லை, அது நிஜம். எழுந்தபோது மேல் கட்டில் காலியாக இருந்ததைப் பார்த்தேன். குளிரில் தூக்கம் வராமல் சமையலறைக்கு வந்து டீ போட்டுக்கொண்டிருந்தேன். ஃப்ரிட்ஜைத் திறந்து பால் எடுக்கும்போது அவனுடைய சாப்பாட்டு டப்பா கண்ணில் பட்டது, மேலே டேப் ஒட்டி சீன எழுத்தில் பெயர். வேலை வருமோ வராதோ, தினமும் முந்தின இரவே சாதமும் முட்டையும் கட்டி வைத்துவிட்டுத்தான் தூங்குவான். சமையலறை ஜன்னலுக்கு வெளியே, கொல்லைப்பக்கம் முப்பது நாற்பது அடியில் துணி துவைக்கும் ஷெட் இருக்கிறது. அதில் விளக்கு எரிந்தது. அதையும் பார்த்தேன். உள்ளே யார் என்று தெரியாது. ஆனால் அந்தக் குளிரில் 6 மணிக்கு யார் துணி காயவைக்கப் போவார்கள்?

தமிழில் தெரியவில்லை என்றால் அறியவில்லை என்றும் அர்த்தம், கண்ணுக்குப் புலப்படவில்லை என்றும் அர்த்தம். நான் ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னேன், ஆனால் உள்ளே ஓடியது இந்தச் சொல்தான். அவன் தெரியவில்லை. விளக்கு தெரிந்தது. விளக்கைப் பற்றி அந்த அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வேன் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே ஏழு பேர் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஷெட் வரை ஓடிப்போய் அவனைக் கூட்டி வந்து, அவன் பூட்ஸ் மாட்டி, டப்பாவை எடுத்து ஏற மூன்று நிமிடமாவது ஆகும். அந்த மூன்று நிமிடத்தில் ஹாலில் நின்றிருந்த வேறு யாராவது ஏறியிருப்பார்கள். அப்படி நடந்து நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். போர்டு என்பது சட்டம் இல்லை, அந்த அம்மாவின் ஞாபகத்துக்காக எழுதிவைத்தது. பூட்ஸ் மாட்டித் தயாராக நிற்பவருக்கு வேலை, இதுதான் அங்கே எழுதாத விதி. அதனால்தான் நானே பதினோரு நாளாக 5.30க்கு பூட்ஸோடு கீழே இறங்கி நின்றேன்.

சரி, இது எல்லாமே உண்மை. ஆனால் ஷெட் பக்கம் பார்த்து ஒரு சத்தம் கொடுக்க மூன்று நிமிடம் தேவையில்லை.

அவன் கணக்கு எனக்கு அத்துப்படி. மேல் கட்டில், கீழ்க் கட்டில் என்று பதினோரு இரவுகள், வேறென்ன பேசுவோம்? இளைஞர்கள் ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்கலாம் என்ற வொர்க்கிங் ஹாலிடே விசாவில் வந்தவன், அதன் முதல் வருடம் ஆகஸ்ட் நடுவில் முடிகிறது. இரண்டாவது வருட விசா வேண்டுமென்றால், ஊர்ப்புறத்தில் விவசாயம் மாதிரி குறிப்பிட்ட வேலைகளில் 88 நாள் காட்ட வேண்டும். குயின்ஸ்லாந்தில் வாழைத்தோட்டத்தில் 31 நாள் செய்திருந்தான். மீதி 57. கையில் இருந்தது அறுபது நாள் சொச்சம். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாத நாள் கணக்கில் ஏறாது. கட்டில் கம்பியில் ஒரு காலண்டர் தொங்கவிட்டு, வீணான நாளை ஒவ்வொன்றாகப் பென்சிலால் அடித்துக்கொண்டு வந்தான். ஜூன் 10 அன்று காலை பத்தொன்பது கோடு இருந்தது.

எனக்கு? இந்தியர்களுக்கு இந்த மாதிரி விசா முதல்முறையாக 2024 அக்டோபரில் குலுக்கல் முறையில் திறந்தது, வருடத்துக்கு 1,000 இடம். அதில் என் பெயரும் விழுந்தது, மே மாதம்தான் வந்து இறங்கினேன். அதாவது என்னிடம் பதினோரு மாதம் மீதி இருந்தது. நாள் இருந்தது, பணம்தான் இல்லை. சித்தப்பாவிடம் வாங்கிய கடனில்தான் வங்கி இருப்பு காட்டினேன், வந்தேன். அன்று கணக்கில் 610 டாலர். வியாழக்கிழமை வாடகை 230. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வியாழக்கிழமை வாடகை உண்டு. கோயம்புத்தூரில் நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டுப் போனவன், மூன்றாவது வாரமே அப்பாவுக்கு போன் போட்டுப் பணம் கேட்க முடியாது. இதையும் நான் அன்று காலை நினைத்தேனா, இல்லை பிறகு சேர்த்துக்கொண்டேனா என்று இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இரண்டாவது பதில். கவாத்து தெரியும். எங்கள் ஊர் கம்பம் பள்ளத்தாக்கு, பன்னீர் திராட்சை ஊர். தாத்தா தோட்டத்தில் பந்தலுக்குக் கீழே அண்ணாந்து நின்று, நாலைந்து மொட்டு விட்டு வெட்டு என்று அவர் சொல்லச் சொல்ல கத்தரி பிடித்திருக்கிறேன், பள்ளிக்கூட விடுமுறைகளில். அவ்வளவுதான் என் அனுபவம். ஆனாலும் அந்தக் கேள்வி காதில் விழுந்தபோது மனசு நிமிர்ந்தது. பதினோரு நாளாக நான் யாருமில்லாத ஊரில், நான் என்ன படித்தேன், என்ன வேலை செய்தேன் என்று யாரும் கேட்காத இடத்தில், முதல்முறையாக எனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டார்கள். முந்திக்கொண்டு பதில் சொன்னதில் இந்தப் பெருமைக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். அவனுக்குக் கவாத்து தெரியாது, வாழைத்தார் சுமந்தவன். அப்போ எனக்குத்தானே அந்த இடம் நியாயம்? போகும் வழியெல்லாம் வேனில் இதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

போய்ப் பார்த்தால் அங்கே நடப்பது வேறு வேலை. எங்கள் ஊரில் கொடி தூங்குவதே கிடையாது. ஒரு தோட்டத்தில் அறுப்பு நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் கவாத்து நடக்கும், வருடம் முழுக்க யாருக்காவது வேலை இருக்கும். மில்டுராவில் வருடத்துக்கு ஒரே விளைச்சல். கடைசி ரகங்கள் பறித்து முடிந்து, குளிர் இறங்கி, இலை உதிர்ந்து, கொடி உறங்கினால்தான் கத்தரி வைப்பார்கள். இந்த நடுவிலுள்ள வாரங்கள்தான் ஹாஸ்டல்காரர்களுக்கு அறுவடைக்காலம் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. பெரிய பண்ணைகளுக்கு டோங்கா, வனுவாட்டு போன்ற தீவுகளிலிருந்து அரசுத் திட்டத்தில் வரும் குழுக்கள் இருக்கின்றன, திரும்பத் திரும்ப வருபவர்கள், கை பழகியவர்கள். அவர்களுக்குப் போக மிஞ்சுவதுதான் எங்கள் போர்டுக்கு வரும்.

அங்கே பந்தல் இல்லை, கம்பி கட்டிய வரிசை. போன வருடம் காய்த்த கொடியை வெட்டி இழுத்துப் போட வேண்டும், புதுக் கொடிகளில் நல்லதாக ஏழெட்டு தேர்ந்தெடுத்துக் கம்பியில் சுற்ற வேண்டும். விதையில்லாத வெள்ளை ரகத்தில் அடி மொட்டுகள் சரியாகக் காய்க்காதாம், அதனால் நீளக் கொடியாக விடுகிறார்கள். தாத்தா சொன்ன நாலைந்து மொட்டுக் கணக்கில் முதல் இரண்டு செடியைக் குட்டையாக வெட்டிவிட்டேன். மேஸ்திரி ஓடி வந்து கையைப் பிடித்துவிட்டார். எனக்குத் தெரிந்தது அங்கே இடைஞ்சலாகவே இருந்தது, ஒன்றுமே தெரியாத அவன் சொன்னதைச் சொன்னபடி செய்திருப்பான். கூலி செடிக்கு இவ்வளவு என்று. 2022 ஏப்ரலில் இருந்து, செடிக் கணக்கில் கொடுத்தாலும் மணிக்கணக்குக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்று விதி வந்துவிட்டது. காகிதத்தில் நல்ல விதிதான். ஆனால் மெதுவாக வெட்டுபவரை மறுநாள் கூப்பிடாமல் விடுவதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்பதில்லை. அதனால் மத்தியானம் சாப்பிடாமல் வெட்டினேன். சாப்பாடு கட்டிக்கொண்டு போகவும் இல்லை.

சாயங்காலம் திரும்பி வந்தபோது அவன் சமையலறையில் காலையில் கட்டிய டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இதற்காக வேனில் நான் ஒரு பேச்சு தயார் செய்திருந்தேன். அவனே ஆரம்பித்தான். "காலையில் என்னைக் கேட்டாங்களா?" கேட்டாங்க என்றேன். "நீ என்ன சொன்னே?" தெரியலைன்னு சொன்னேன். அவன் தலையாட்டினான். "துணி காயலை. ஷெட்ல இருந்தேன்" என்றான். அவ்வளவுதான். ஓஹோ என்றேன். ஷெட்டில் விளக்கு எரிந்ததைப் பார்த்தேன் என்று சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. பிறகு கத்தரி எப்படிப் பிடிப்பது, எத்தனை கொடி விடுவது என்று கேட்டான். துடைப்பக் குச்சிகளை மேசையில் பரப்பி ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். அவ்வளவு பொறுமையாக நான் யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை.

சனிக்கிழமை அவனுக்கும் வேறு பண்ணையில் வேலை வந்தது. நடுவில் போனது நான்கு நாள்.

இந்த நான்கை வைத்துக்கொண்டுதான் நான் இன்னும் கணக்குப் போடுகிறேன். ஆகஸ்டில் விசா முடிந்தபோது அவனிடம் 83 நாள் இருந்தது. நான் எடுத்த நான்கைச் சேர்த்தால் 87. அப்போதும் ஒன்று குறைகிறது, ஆக அவன் ஊர் திரும்பியதற்கு நான் காரணம் இல்லை. இந்தக் கணக்கு முதலில் தோன்றிய இரவு நன்றாகத் தூங்கினேன். ஜூலையில் பல்வலி என்று அவன் இரண்டு நாள் படுத்திருந்தான், மழை நான்கைந்து நாள், குயின்ஸ்லாந்தில் அவனே சீக்கிரம் கிளம்பி வந்துவிட்டான், எல்லாமே காரணம்தான். ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. வாரம் ஐந்து நாள் முழு நேரம் வேலை செய்தால் சனி ஞாயிறையும் சேர்த்து ஏழு நாளாக எடுத்துக்கொள்வார்கள். நான் போன பண்ணை அப்படி முழு வாரம் கொடுத்த பண்ணை. அவன் போனது சில வாரம் முழுதாக வேலை கொடுக்காத பண்ணை. அன்று அவன் ஏறாமல் இழந்தது நான்கு இல்லை, இன்னும் அதிகம். எத்தனை என்று என்னால் சொல்ல முடியாது, முயற்சி செய்திருக்கிறேன்.

கோபம் அந்த ஹாஸ்டல் மேல்தான் வர வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். காத்திருப்பவரிடம் வாடகை, வேலைக்குப் போனால் வேனுக்குத் தனியாகக் காசு. முப்பது கட்டில் நிரம்பியிருக்க, பத்துப் பேருக்கு மட்டும் வேலை இருந்தால் யாருக்கு நஷ்டம்? மில்டுரா இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர்களுக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டமே இருக்கிறது, அதைக் கேட்டுப் பார்க்கும் தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை, கேட்டால் போர்டில் பெயர் கீழே போய்விடும் என்ற பயம். இதெல்லாம் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அன்றைக்குக் கேள்வி கேட்டது ஹாஸ்டல், பதில் சொன்னது நான். அந்த அம்மா போர்டில் இருந்த வரிசைப்படி முதலில் அவனைத்தான் கேட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

திரும்ப அதே காலை வந்தால் என்ன செய்வேன் என்று கேட்டால், கூப்பிடுவேன் என்றுதான் இப்போது சொல்ல வருகிறது. இப்போது என் வங்கிக் கணக்கில் இருப்பது வெறும் 610 டாலர் இல்லை, அதனால் இந்தப் பதிலுக்கு எவ்வளவு மதிப்பு என்று தெரியவில்லை.

ஊருக்குக் கிளம்பும் முன் அவன் தன் பூட்ஸை என் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுப் போனான், என்னுடையது கிழிந்திருந்ததைப் பார்த்திருக்கிறான். ஒரு சைஸ் பெரிது. இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு செப்டம்பர் வரை அதில்தான் வேலைக்குப் போனேன்.

போன வாரம் இரண்டாவது வருட விசாவுக்கு விண்ணப்பம் நிரப்பினேன். பண்ணையின் பதிவு எண், அஞ்சல் எண் 3500, பிறகு வேலை தொடங்கிய தேதி. பே ஸ்லிப்பைப் பார்க்கத் தேவையில்லை என்றாலும் எடுத்துப் பார்த்தேன். 10 ஜூன் 2025 என்று அடித்துவிட்டு, விண்ணப்பத்தைச் சேமித்து மூடி வைத்திருக்கிறேன். அனுப்ப இன்னும் நாள் இருக்கிறது. அதற்கு முன்னால் அவனுக்கு அந்த விளக்கைப் பற்றி எழுதிவிடலாம் என்று இரண்டு தடவை தொடங்கினேன். முதல் வரிக்கு மேல் போகவில்லை.