சரி மனே

உரையாடலெல்லாம் பதிவாகும் லொக்கில் கிடப்பது நாலு வரிதான்.

"அடுத்த காணிக்கு மெசின் எப்ப வேணும்?"
"மறுகா."
"முதல் சொன்னபடி பதியப்பட்டது."
"சரி மனே."

கேள்வியும் பதிவும் நான் எழுதிய பொட்: நெல் வெட்டும் மெசினுக்கு முறை பதிய, டெலிகிராமில் தானாகப் பதில் எழுதும் நிரல். மற்ற இரண்டும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இரண்டு துண்டுக் காணி செய்யும் ஒரு பெரியவர். அவர் சொன்னது 'பிறகு பாப்பம்' என்று. பொட் எடுத்தது 'திரும்பவும்', அதாவது முதல் மாதிரியே, என்று.

தொடக்கத்தில் இது கட்டளையால்தான் ஓடியது. டெலிகிராமில் கட்டளை தொடங்கும் ஸ்லாஷுக்கு (/) பின்னால் ஆங்கில எழுத்து, இலக்கம், அடிக்கோடு மட்டும்தான் வரலாம், அதுவும் 32 எழுத்துக்குள். தமிழில் கட்டளை வைக்க வழியில்லை. வெட்டு மெசின் வைத்திருக்கும் அண்ணன் இரண்டே நாளில் கூப்பிட்டார். "தம்பி, சனம் ஸ்லாஷ் எங்க கிடக்கெண்டு தேடி முடிக்கக்குள்ள கதிர் கொட்டிடும். பேசுற மாதிரி எழுதினா விளங்கிற மாதிரிச் செய்யும்."

செய்தேன். சொல்லைத் தேடிப் பிடிக்கும் எளிய முறைதான்: வேணும், வேணாம், நாளைக்கு, ஏக்கர். கொக்கட்டிச்சோலை என்ற ஊர்ப் பெயர் முதல் எழுத்திலேயே இடித்தது. சிலரின் செய்தியில் 'கொ'வின் உயிர்க்குறி ஒரே குறியாக வந்தது, சிலரின் செய்தியில் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு ஊர். இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கும் யுனிகோட் இயல்பாக்கத்தில் ஒரு வரி போட்டதும் சரியாகிவிட்டது. அந்தத் துணிவில்தான் நம்முடைய பேச்சுச் சொற்களையும் சேர்த்தேன். 'மறுகா'வைச் சேர்த்த அன்று எனக்குள் பெருமை வேறு. கொழும்பில் இருந்து எழுதுகிறவனுக்கு இந்தச் சொல் வருமா?

எனக்கு மட்டும் என்ன வந்தது? "மறுகா வாறன்" என்று அம்மா சொன்னால் பிறகு. "மறுகா மறுகா கேக்காத" என்றால் திரும்பத் திரும்ப. இரண்டையும் கேட்டு வளர்ந்தவன் கோட்டில் ஒன்றை மட்டும் எழுதினேன். சோதித்துப் பார்த்தவனும் நானே. என் வாயில் அன்று எந்த 'மறுகா' இருந்ததோ அதையே அடித்துப் பார்த்து, வேலை செய்கிறது என்று முடிவு கட்டினேன்.

அந்த நாலு வரிக்கு மறுநாள் காலை மெசின் லொறியில் ஏறி மண்முனைப் பாலம் கடந்து போனது. சாரதி எடுத்த அழைப்புக்குப் பதில் இல்லை. போய்ப் பார்த்தால் பள்ளக்காணி பாதிப் பச்சை. திரும்பி வர மத்தியானம். அன்றைக்கு வெட்டவேண்டியிருந்த இன்னொருவருடைய வேளாண்மை பின்னேர மழையில் படுத்துவிட்டது.

காலையிலேயே மெசின் அங்கே போயிருந்தாலும் முழுவதையும் வெட்டி முடித்திருக்காது என்று அண்ணன் சொன்னார். எனக்காகச் சொன்னாரா, உண்மையா தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

சில நாள் அந்த ஒற்றைச் சொல்லையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். மனிதரே தடுமாறுகிற சொல், பொட் என்ன செய்யும்? ஆனால் லொக்கைத் திறக்கும்போதெல்லாம் கண் போய் நிற்பது மூன்றாவது வரியில். "முதல் சொன்னபடி பதியப்பட்டது." திகதி இல்லை. எந்தக் காணி என்று இல்லை. முறையை இரவில் ஒதுக்குவதால் திகதியை விட்டேன், பதில் குறுகலாக இருக்கட்டும் என்று காணியையும் விட்டேன். தான் சொன்னதைத்தான் பதிந்திருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டால் அதில் பிழை எங்கே? பிழையாக விளங்கியது பொட் என்று இவ்வளவு நாளும் சொல்லிவந்தேன். விளங்காதபடி எழுதியது யார்?

அதைவிட அந்த 'மனே', மகனே என்பது. யாரோ ஒரு பெடியன் இருந்து எழுதுகிறான் என்றே அவர் நினைத்திருக்கிறார். பழைய ஸ்லாஷ் இருந்திருந்தால் 'கட்டளை பிழை' என்று முகத்தில் அடித்திருக்கும். அவரும் அண்ணனுக்கே கோல் எடுத்திருப்பார். மரியாதையில்லாத பொட்டாக இருந்தால் ஒருவருடைய நெல் தப்பியிருக்குமோ என்று யோசிக்கிறேன். ஆனால் ஸ்லாஷுக்குத் திரும்பிப் போகவும் மனம் இல்லை.

இப்போது பதியுமுன் திகதியும் காணியும் சொல்லி 'ஆம்' கேட்கிறது. ஒருவரும் 'ஆம்' எழுதுவதில்லை. ஓம், ஓ, ம், பெருவிரல். எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டே இருக்கிறேன். 'மறுகா' வந்தால் மட்டும் தனியாக ஒரு கேள்வி: "பிறகா, திரும்பவுமா?"

போன கிழமை ஒருவர் அதற்குப் பதில் எழுதியிருந்தார்: "மறுகாதான்."