இடுப்புத்தள சிகிச்சை: நேரடிப் பயிற்சிக்குப் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஈரோட்டில் பெண்கள் நலப் பிசியோதெரபி பார்க்கிறேன். சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளைக் கையால் பரிசோதிக்கவும் தளர்த்தவும் சொல்லித் தரும் நேரடிப் பயிற்சியைக் கோவையில் முடித்து வந்ததிலிருந்து, திருப்பூர், கோபி, நாமக்கல் பக்கத்து ஜூனியர்கள் "அக்கா, போகலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கட்டாயம் போகலாம். எந்தப் பயிற்சியைத் தேர்ந்தெடுக்கிறோம், எப்படித் தயாராகிப் போகிறோம் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

நாலரை வருட பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்) படிப்பில் இந்தத் தசைகளைப் படத்தில் பார்த்ததோடு சரி. வேலைக்கு வந்தபின், நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்காரும் ஓர் அம்மா, "இருமினா, தும்மினா ஒண்ணுக்கு வந்துருதுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்வார். இன்னொருவர் உட்கார்ந்தாலே கீழே எரிகிறது என்பார். இருவருக்கும் இடுப்புத்தளத்தை இறுக்கி விடும் ஒரே கீகல் பயிற்சித் தாளைக் கொடுத்து அனுப்பும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. முதலாமவருக்குத் தசை பலவீனமாக இருக்கலாம். இரண்டாமவருக்கு அது ஏற்கெனவே இறுகிக் கிடக்கலாம். இறுகிய தசையை இன்னும் இறுக்கச் சொன்னால் வலி கூடத்தான் செய்யும். இந்த வித்தியாசத்தை விரல்தான் உறுதியாகச் சொல்லும். அந்த விரலைப் பழக்கத்தான் இந்தப் பயிற்சி.

பணம் கட்டுவதற்கு முன்பே அமைப்பாளர்களிடம் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர்? பெண்ணுறுப்பு வழியாக விரலால் செய்யும் உள்பரிசோதனை பொம்மையில் மட்டுமா, சக மாணவியரிடமுமா? பாதி நேரத்துக்கு மேல் ஸ்லைடு ஓடுகிறது என்றால் அந்தப் பணத்துக்குப் புத்தகமே வாங்கலாம். ஆசிரியர் பக்கத்தில் நின்று உங்கள் விரலின் கோணத்தைத் திருத்தும் நேரம் எவ்வளவு என்பதுதான் கணக்கு.

நம் ஊர்ப் பெண்களுக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. கல்யாணமாகாதவர்கள், கர்ப்பிணிகள், காப்பர்-டி போட்டவர்கள், மனதளவில் தயாராக இல்லாதவர்கள் எல்லோரும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். உங்களைப் பரிசோதிக்க விட மறுத்தால் நல்ல ஆசிரியர் காரணம் கேட்க மாட்டார். வெளிப்பரிசோதனை, சிசேரியன் தழும்பைத் தளர்த்துவது, வால் எலும்பைச் சுற்றிய தசைகள், மூச்சோடு இடுப்புத்தளம் இறங்கி ஏறுவதைக் கவனிப்பது என்று அவர்கள் கற்க நிறைய இருக்கிறது. வற்புறுத்தும் இடமாகத் தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

போகுமுன் உடற்கூறு மனப்பாடமாக இருக்க வேண்டும். முன்பக்க எலும்பை 12 மணி, ஆசனவாய்ப் பக்கத்தை 6 மணி என்று கடிகாரம்போல வைத்துத்தான் வகுப்பில் பேசுவார்கள். பின்பக்கமாக இரண்டு புறமும் இடுப்புத்தளத்தின் முக்கியத் தசையான லெவேட்டர் ஏனை, அதற்கு மேலே பக்கச் சுவரில் தொடையை வெளிப்பக்கம் திருப்பும் ஆப்டுரேட்டர் இன்டர்னஸ் தசை. பின்னதைக் கண்டுபிடிக்க அருமையான வழி ஒன்று உண்டு. படுத்திருப்பவர் மடக்கிய முழங்காலை வெளிப்பக்கம் தள்ள, நீங்கள் மற்றொரு கையால் தடுக்க வேண்டும். விரலுக்கு அடியில் தசை எழும்பும். அதை ஒருமுறை உணர்ந்துவிட்டால் பிறகு மறக்காது. இடுப்புத்தளப் பகுதிக்கு உணர்வு தரும் பியூடெண்டல் நரம்பு இந்தத் தசையை ஒட்டித்தான் போகிறது. உட்கார்ந்தால் வலி என்று வருகிறவர்களிடம் இந்த இடத்தை விடாமல் பார்ப்பது அதனால்தான்.

எங்களுக்கு அதிகம் பயன்பட்டது அழுத்தப் பயிற்சி. சமையலறை எலக்ட்ரானிக் தராசில் விரலை வைத்து, ஆசிரியர் சொன்ன எடை வரும்வரை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு அதே எடையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வீட்டிலேயே செய்து பழகிவிட்டுப் போங்கள்.

பலத்தை 0 முதல் 5 வரை அளக்கும் ஆக்ஸ்ஃபோர்டு அளவுகோலில் 2-க்கும் 3-க்கும் இடையில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். வெறும் இறுக்கம் என்றால் 2. விரலை மேலே தூக்குகிற அசைவும் சேர்ந்தால் 3. இறுக்கியபின் தசை முழுக்க விடுகிறதா என்பதையும் குறித்து வையுங்கள். என்னைக் கேட்டால், பல நேரம் எண்ணைவிட அதுதான் சிகிச்சையைத் தீர்மானிக்கிறது.

முடிந்தவர்கள் ஒருமுறையாவது நோயாளி இடத்தில் இருந்து பரிசோதனைப் படுக்கையில் படுங்கள். போர்வை எந்த அளவு மூடியிருந்தால் நிம்மதி, கையுறை சில்லென்று பட்டால் உடம்பு எப்படி இறுகுகிறது என்பது அப்போதுதான் புரியும். அதற்கப்புறம் நோயாளியிடம் பேசும் விதமே மாறிவிடும்.

கைச்சிகிச்சையை எல்லாவற்றுக்கும் மருந்தாக்கிவிடவும் கூடாது. சிறுநீர்ப்பை வலி உள்ள 81 பெண்களை வைத்து வட அமெரிக்காவில் நடந்து 2012-ல் வெளியான ஆய்வில், தசைத் தளர்வுச் சிகிச்சை பெற்றவர்களில் 59 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். பொதுவான மசாஜ் பெற்றவர்களில் 26 சதவீதம். வலிக்கு இது பெரிய நம்பிக்கை. ஆனால் இருமினால் சிறுநீர் கசிவதற்கு, பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸின் வழிகாட்டுதல் முதலில் சொல்வது குறைந்தது 3 மாதம் மேற்பார்வையோடு செய்யும் தசைப்பயிற்சியைத்தான். விரல் அங்கே சரியாகச் செய்கிறார்களா என்று பார்க்கத்தான்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி வையுங்கள். எதற்காக, எப்படி, எந்த நேரத்திலும் நிறுத்தச் சொல்லலாம், துணைக்கு ஒருவர் கூட இருக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கையெழுத்து ஒருமுறை போதும்; வாய்வார்த்தையாக ஒவ்வொரு முறையும் கேளுங்கள். தொற்று இருந்தாலோ, பிரசவமாகி ஆறு வாரம் ஆகவில்லை என்றாலோ உள்பரிசோதனை வேண்டாம். காரணம் தெரியாத ரத்தப்போக்கு என்றால் நேராக மகப்பேறு மருத்துவரிடம் அனுப்புங்கள். தசையை எப்படி இறுக்குவது என்று சொல்லும்போது, "காத்து வெளிய போகாம இறுக்கிப் புடிச்சு, அப்படியே மேல இழுங்க" என்றால் எங்கள் பக்கத்துப் பாட்டிகளுக்கும் சட்டென்று பிடிபடுகிறது.

அப்புறம், விரல் சீக்கிரம் மறந்துவிடும். கூடப் படித்தவர்களில் பக்கத்து ஊர்க்காரர்களின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அவ்வப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் கிளினிக்கில் கூடி, ஒருவரை ஒருவர் பரிசோதித்து, தனித்தனியாக மதிப்பெண் எழுதி ஒப்பிட்டுப் பார்க்கிறோம். எண்கள் ஒத்துப்போகாத இடத்தில் மறுபடி கையுறை மாட்டுகிறோம்.