பன்ட்டருக்கும் எனக்கும் ஒரே விசா

2021 ஆகஸ்டில் அயோவா சிட்டிக்குப் படிக்க வந்தேன். முதல் வாரம் முழுக்க ஊர் இரண்டே விஷயங்களைத்தான் சொல்லித் தந்தது: ஒன்று விசா, இன்னொன்று அமெரிக்க ஃபுட்பால். விசா சுலபமாகப் புரிந்தது. படிப்பு நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, அதுவும் வளாகத்துக்குள்தான். மாணவர் விசாவுக்கு ஆதாரமாகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 காகிதத்தைத் தொலைக்கக் கூடாது.

ஃபுட்பாலைப் புரிந்துகொள்ளச் சில சனிக்கிழமைகள் தேவைப்பட்டன. ஊரின் மக்கள்தொகை சுமார் 75,000. அயோவா பல்கலைக்கழக அணி ஆடும் கின்னிக் மைதானத்தில் மட்டும் கிட்டத்தட்ட 70,000 பேர் உட்காரலாம். ஆட்ட நாளில் மெல்ரோஸ் அவென்யூ பக்கம் வீட்டு முற்றத்துப் புல்தரையையே கார் நிறுத்த வாடகைக்கு விடுவார்கள். முதல் கால்பகுதி முடிந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்து திரும்பி, மைதானத்தை ஒட்டி நிற்கும் குழந்தைகள் மருத்துவமனையைப் பார்த்துக் கையசைக்கும். மேல்மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து சின்னச் சின்னக் கைகள் பதிலுக்கு அசையும். இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

அங்கே அதிகம் கைதட்டல் வாங்கியவர்களில் ஒருவர் என்னைப் போலவே வெளிநாட்டு மாணவர். பெயர் டோரி டெய்லர், மெல்போர்ன்காரர். வேலை, பன்ட்டர்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். மூன்றிலும் முடியவில்லை என்றால், நான்காவதில் பெரும்பாலும் பன்ட்டரை இறக்கி, பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுப் பக்கம் முடிந்தவரை தூரத்துக்கு உதைத்துவிடுவார்கள். அதாவது மற்றவர்கள் தோற்ற பிறகுதான் பன்ட்டருக்கு வேலை.

ஆஸ்திரேலியர்கள் இந்த வேலைக்கு வந்து குவிந்ததில் ஆச்சரியமே இல்லை. அவர்கள் ஊர் ஃபுட்பாலில் ஓடிக்கொண்டே நீள்வட்டப் பந்தை உதைப்பது சின்ன வயதிலேயே காலில் ஊறிவிடுகிறது. பந்து பின்சுழற்சியோடு போய் விழுவதால் கோட்டைத் தாண்டி ஓடாமல் நிற்கும், சில சமயம் பின்னாலும் துள்ளும். நேதன் சாப்மன் என்ற முன்னாள் ஆட்டக்காரர் மெல்போர்னில் நடத்தும் புரோகிக் என்ற பயிற்சிப் பள்ளி, இப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து, அமெரிக்க முறைக்குப் பழக்கி, கல்லூரிகளுக்கு அனுப்பிவைக்கிறது. சிறந்த கல்லூரி பன்ட்டருக்கான ரே கை விருதை 2014, 2015 இரண்டு ஆண்டும் யூட்டா பல்கலைக்கழகத்தின் டாம் ஹேக்கெட் வாங்கினார். அடுத்து மிட்ச் விஷ்னவ்ஸ்கி, அதற்கடுத்து மைக்கேல் டிக்சன். எல்லாரும் ஆஸ்திரேலியர்கள். டெய்லர் 2020-ல் அயோவாவுக்கு வந்தபோது அவருக்கு வயது 23. உடன் சேர்ந்த பையன்களுக்குப் பதினெட்டுதான் இருந்திருக்கும்.

பக்கத்து ஊரான கோரல்வில்லில் குடியிருக்கும் நெல்லைக்கார அண்ணன் ஒருவர்தான் எனக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். "டச்டவுன் பாக்கணும்னா வேற ஊருக்குப் போ தம்பி. இங்க பன்ட்தான் பாக்கணும்" என்பார். பந்தை எதிரணி எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பதுதான் டச்டவுன். அண்ணன் சொன்னதைக் கிண்டல் என்று நினைத்தேன். 2022 செப்டம்பரில் சவுத் டகோட்டா ஸ்டேட்டை அயோவா 7-3 என்று வென்றது. அந்த ஏழில் டச்டவுன் ஒன்றுகூட இல்லை. கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுக்கும் ஃபீல்டு கோல் ஒன்று, அதற்கு மூன்று புள்ளி. எதிரணியை அவர்கள் எல்லைக்குள்ளேயே மடக்கியதால் கிடைக்கும் சேஃப்டி இரண்டு, தலா இரண்டு புள்ளி. டெய்லர் அன்று 10 முறை உதைத்தார். நான் பார்த்த ஆட்டங்களிலேயே அசிங்கமானது அது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததும் அன்றுதான்.

2021 ஜூலையிலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியிருந்தது. ஆனால் எங்களைப் போல எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்கு அப்படி உழைத்துச் சம்பாதிப்பது அனுமதியில்லாத வேலை. 'பன்ட்டிங் இஸ் வின்னிங்' என்று எழுதிய டெய்லரின் டி-ஷர்ட் ஊரெல்லாம் விற்றது. லாபம் தொண்டுக்குப் போனது. அவர் பைக்குள் ஒரு டாலர்கூடப் போட்டுக்கொள்ள முடியாது.

அதே காலத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் தங்கள் பெண்ணுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கச் சொல்லிக் கேட்டது. கையில் பணமாகத் தருகிறோம், யாருக்குத் தெரியப்போகிறது என்றார்கள். மாட்டேன் என்றேன். சும்மா வந்து சொல்லிக்கொடுக்கிறேன் என்றதும் அந்த அக்கா சங்கடப்பட்டு, வாரா வாரம் ஒரு டப்பா புளியோதரை கட்டிக்கொடுத்தார். டெய்லருக்கு முழு உதவித்தொகை உண்டு, மைதானம் நிறையக் கைதட்டல் உண்டு. அவரோடு என்னைச் சேர்த்துப் பேசுவது கொஞ்சம் ஓவர்தான். ஆனாலும் 70,000 பேர் பெயர் சொல்லிக் கத்தும் ஆளும் என்னைப் போலவே ஐ-20-க்குப் பயந்து நடக்கிறார் என்பதில் எனக்கு ஓர் அற்பத் திருப்தி இருந்தது.

2023-ல் நிலைமை உச்சத்துக்குப் போனது. அயோவாவின் தாக்குதல் ஆட்டம் நாட்டிலேயே கடைசி. ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 15 புள்ளிகளைச் சற்றே தாண்டியது. அந்தப் பிரிவைப் பார்த்துக்கொண்ட பயிற்சியாளர், தலைமைப் பயிற்சியாளரின் மகன். சீசன் நடுவிலேயே, அடுத்த ஆண்டு அவர் இருக்கமாட்டார் என்று அறிவித்துவிட்டார்கள். அப்படியும் அணி 10 ஆட்டங்களில் வென்றது. தடுப்பாட்டமும் டெய்லரின் காலும்தான் காரணம் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ரே கை விருது அவருக்கே வந்தது. 2024 புத்தாண்டு அன்று, சீசன் முடிவில் நடக்கும் சிட்ரஸ் பவுல் ஆட்டத்தில், ஒரே சீசனில் அதிக பன்ட் யார்டுகள் என்ற 1938-ஆம் ஆண்டுச் சாதனையை முறியடித்தார்: 93 உதைகள், 4,479 யார்டுகள். அன்று டென்னசியிடம் அயோவா 35-0 என்று தோற்றது. அணி நன்றாக ஆடியிருந்தால் அந்தச் சாதனைக்கு வழியே இருந்திருக்காது.

ஏப்ரலில், தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுத்தபோது, சிகாகோ பேர்ஸ் அணி அவரை நான்காம் சுற்றில் எடுத்தது. அதே ஆண்டு அங்கே வந்த, பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ், இங்கே உனக்கு அதிகம் உதைக்க வேலை இருக்காது என்று குறுஞ்செய்தி அனுப்பியதாகச் செய்தி வந்தது. "பாப்போம், பாப்போம்" என்றார் அண்ணன். பேர்ஸ் அந்த ஆண்டு 5 ஆட்டங்களில் வென்று 12-ல் தோற்றது. டெய்லருக்கு வேலைக்குக் குறைவே இல்லை.

அயோவாவில் அவருடைய இடத்துக்கு ரீஸ் டேக்கின் வந்தார். அவரும் மெல்போர்ன்தான். எங்கள் ஆய்வகத்தில் நான் காலி செய்த மேசைக்கு, என் கல்லூரி ஜூனியரே வந்து சேர்ந்தான்.