ஃப்ளூ வைரஸும் 21 எழுத்து ஆர்.என்.ஏ.வும்

இன்ஃப்ளூயன்சா ஏ வைரஸின் மரபுச்செய்தி 8 ஆர்.என்.ஏ. துண்டுகளில் அடங்கிவிடுகிறது, எல்லாவற்றையும் கூட்டினாலும் ஏறத்தாழ 13,500 எழுத்துகள்தான் (நியூக்ளியோடைடு என்னும் அடிப்படை அலகுகள்). அவற்றில் பல அடிக்கடி மாறுவதால் தடுப்பூசியையும் மாற்றிக்கொண்டே இருக்கிறோம். ஆனால் வைரஸ் தன் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ள முடியாத இடங்களும் உண்டு. ஒவ்வொரு துண்டின் இரு முனைகளிலும் உள்ள 12, 13 எழுத்துகள் எட்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. வைரஸின் ஆர்.என்.ஏ.வை நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதி பற்றிக்கொள்ளும் பிடி அதுவே.

இப்படி மாறாத பகுதிகளோடு இணைசேரும் செயற்கை இழையைச் செல்லுக்குள் அனுப்பி வைரஸ் பெருகுவதைத் தடுக்கலாம் என்ற எண்ணம் புதிதன்று. 1978-இல் ஜாமெக்னிக், ஸ்டீஃபென்சன் இருவரும் 13 எழுத்து டி.என்.ஏ. இழையைக் கொண்டு கோழிகளில் புற்றுநோயை உண்டாக்கும் ரவுஸ் சர்கோமா வைரஸின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். 2003-இல், சுமார் 21 எழுத்து நீளமுள்ள இரட்டை இழைக் குறுக்கீட்டு ஆர்.என்.ஏ. (தன் வரிசையோடு பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கச் செய்வது) இன்ஃப்ளூயன்சாவையும் அடக்கியது. அந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்தது, நியூக்ளியோபுரதத்தின் தூது ஆர்.என்.ஏ.வை மட்டும் குறிவைத்தபோதும் வைரஸின் மற்ற ஆர்.என்.ஏ.க்களும் சேர்ந்து குறைந்ததுதான். புதிதாக உருவாகும் இழையைப் போர்த்திக் காக்க அந்தப் புரதம் இல்லையென்றால் பெருக்கமே தடைபடுகிறது.

ஆயினும் இத்துறையின் கட்டுரை எதைப் படித்தாலும், வைரஸோடு தொடர்பற்ற வரிசை கொண்ட, ஒப்பிடுவதற்கான கட்டுப்பாட்டு இழை என்ன செய்தது என்பதையே நான் முதலில் தேடுவேன். வெளியிலிருந்து வரும் ஆர்.என்.ஏ.வை டி.எல்.ஆர். 7 போன்ற நோயெதிர்ப்பு உணரிகள் அடையாளம் கண்டு, வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் புரதத்தைச் சுரக்கச் செய்கின்றன. எலிகளில் கிடைத்த நற்பலன்கள் சிலவற்றுக்கு வரிசைப் பொருத்தத்தைவிட இந்த நோயெதிர்ப்புத் தூண்டலே காரணம் என்பது 2008-இல் சுட்டிக்காட்டப்பட்டது.

அதையும் தாண்டினால் நுரையீரல் அடுத்த தடையாக நிற்கிறது. பாதுகாப்பில்லாத ஆர்.என்.ஏ.வை நொதிகள் விரைவில் சிதைத்துவிடும். அதன் எதிர்மின்சுமையைச் செல்லுறை எளிதில் உள்ளே விடாது. மார்போலினோ எனப்படும் மின்சுமையற்ற செயற்கை இழைகள் முதல் சிக்கலைத் தீர்த்தாலும், செல்லுக்குள் நுழைவதற்கு அவற்றுக்கும் பெரும்பாலும் பெப்டைடின் (குட்டிப் புரதத் துண்டின்) துணை தேவைப்படுகிறது. 2018-இல் அனுமதி பெற்ற முதல் குறுக்கீட்டு ஆர்.என்.ஏ. மருந்தான பட்டிசிரான், அதைச் சுமக்கும் கொழுப்பு நுண்துகள்கள் இயல்பாகவே அதன் இலக்கான கல்லீரலைச் சென்றடைவதால் பயனடைந்தது. சுவாசப்பாதைச் செல்களுக்கோ சளிப்படலத்தைக் கடந்தே போக வேண்டும். அதற்குள் வைரஸ் சில மணி நேரத்திலேயே அடுத்த தலைமுறையை வெளியேற்றிவிடும். ஆகவே காய்ச்சல் முற்றியபின் தரும் மருந்தாக அல்லாமல், தொற்றுக்கு ஆளானவர்கள் உடனே உள்ளிழுக்கும் முன்தடுப்பாகவே இதற்கு வாய்ப்பு அதிகம் என்று கருதுகிறேன்.