புதுப்பிக்காமல் காக்கும் வீடு

அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில், எலிசபெத் தெருவிலுள்ள எய்கன்-ரெட் மாளிகைக்குள் சுவர்த்தாள் கிழிந்திருக்கும், சாயம் செதில் செதிலாக உரிந்திருக்கும். கவனிப்பார் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எந்த நிலையில் கைக்கு வந்ததோ அந்த நிலையிலேயே காப்பது என்று தீர்மானித்திருக்கிறார்கள். 1820 வாக்கில் ஜான் ராபின்சன் என்ற வணிகர் கட்டிய வீடு. தென் கரோலைனாவின் ஆளுநராக இருந்த வில்லியம் எய்கன் அதைப் பெரிதாக்கினார். 1975இல் சார்ல்ஸ்டன் அருங்காட்சியகத்துக்கும், 1995இல் பழைய கட்டடங்களைக் காக்கும் அமைப்பான ஹிஸ்டாரிக் சார்ல்ஸ்டன் ஃபவுண்டேஷனுக்கும் வந்து சேர்ந்தது.

புதுச் சாயம் அடிப்பது எளிது. ஆனால் அதற்காகப் பழையதைச் சுரண்டினால், எந்த அறைக்கு எப்போது என்ன நிறம் என்று சொல்லும் அடுக்குகள் போய்விடும். திரும்பக் கிடைக்காது.

இதுபோன்ற வீடுகளுக்கு முதல் எதிரி ஓதம். அந்தக் காலத்துச் செங்கல் மென்மையானது. சுண்ணாம்புச் சாந்து அதைவிட மென்மையானது. சுவரில் ஏறும் ஈரம் சாந்து வழியே வெளியேறும், உப்பும் அங்கேயே பூக்கும். சாந்து உதிரும், கல் பிழைக்கும். செங்கற்களுக்கு இடையே சாந்து இருந்த அந்த இடுக்கில் சிமென்ட் வைத்துப் பூசினால் ஈரத்துக்கு வழி அடைபடுகிறது. கல் வழியே வெளியேறப் பார்க்கும்போது உப்பு அதன் முகத்துக்குப் பின்னால் படிந்து, மேற்பரப்பையே பெயர்த்துத் தள்ளிவிடும். நல்லெண்ணத்தோடு செய்த பழுதுவேலையால் கெட்ட சுவர்கள் ஏராளம்.

சரியான முறைக்குப் பொறுமை வேண்டும். இடுக்கின் அகலத்தைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழத்துக்குப் பழைய சாந்தை உளியால் எடுக்க வேண்டும். மின்சார அறுவை வட்டு கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு என்பது பொதுவான கலவை; மணலின் பருமனும் நிறமும் பழைய சாந்தோடு ஒத்துப்போக வேண்டும். கல்லை நனைத்து, கால் அங்குல அடுக்குகளாகத் திணிக்க வேண்டும். பிறகு ஈரச் சாக்கு போட்டு மூடி வைக்க வேண்டும். சீக்கிரம் காய்ந்தால் பொடியாகிவிடும்.

மாளிகையின் பின்முற்றம்தான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம். சமையற்கட்டு, சலவைக்கூடம், குதிரைலாயம், அவற்றின் மேல்தளத்தில் அடிமைப்படுத்தப்பட்டவர்கள் படுத்துறங்கிய அறைகள். மற்ற பல வீடுகளில் இவற்றை இடித்தார்கள், அல்லது விருந்தினர் அறையாக மாற்றினார்கள். இங்கே அப்படியே நிற்கின்றன. போகிறவர்கள் வரவேற்பறையிலேயே நேரத்தைச் செலவழித்துவிடாமல் அந்த அறைகளுக்கும் ஏறிப் பாருங்கள்.