ரன்னிங் போர்டை அறுக்கும் முன் குறுக்குக் கம்பி வையுங்கள்

எங்கள் வீட்டு பிரீமியர் பத்மினி கார் 1984இல் அப்பா வாங்கியது. அதன் பாடியை வீட்டு ஷெட்டிலேயே வெட்டி ஒட்டி ஏறக்குறைய முடிக்க எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் ஒரே ஒரு தப்பால் போனது. அந்தத் தப்பை இன்னொருவர் செய்யக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

சீட், கண்ணாடி, பீடிங், ஒயரிங் எல்லாம் கழற்றியது ஒரு வார வேலை. அப்புறம் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ரன்னிங் போர்டில் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். பாதி இடத்தில் ஒட்டவே இல்லை. சுரண்டினால் விரல் கனத்துக்குப் பட்டி, அதற்குள் ஃபைபர் துணி, அதற்கும் கீழே துருவின் மேலேயே ரிவெட் அடித்த தகரம். சில வருடம் முன்பு ஒரு பட்டறையில் ‘முழு டிங்கரிங்’ என்று காசு வாங்கிக்கொண்டு செய்த வேலை இது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். பெயிண்டின் பளபளப்பை நம்பாதீர்கள்.

கோபத்தில் இரண்டு பக்க ரன்னிங் போர்டையும் ஃப்ளோர் தகட்டையும் ஒரே வாரத்தில் கிரைண்டரால் அறுத்து எடுத்துவிட்டேன். இந்த வண்டிக்கு ஜீப் போலத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடிதான் சேசிஸ். அதன் முதுகெலும்பே பெட்டி போல மூடிய அந்த இரண்டு ரன்னிங் போர்டுகள். வண்டியோ முன்னும் பின்னும் ஸ்டாண்டில் நின்றது. நடுவில் தாங்க எதுவும் இல்லாமல் பாடி தொய்ந்துவிட்டது. புதுத் தகட்டைப் பற்றவைத்துக் கதவை மாட்டியபோது மேல் மூலை இடித்தது, கீழே சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. அப்பா தள்ளிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் தெருக்கோடியில் இருக்கும் ஓய்வுபெற்ற டிங்கர் அண்ணனைக் கூட்டிவந்தேன். பார்த்ததும் கேட்டார்: “தம்பி, ரெண்டு பக்கமும் ஒண்ணாவா அறுத்தீங்க? குறுக்குக் கம்பி வைக்கலையா?”

வைக்கவில்லை. ஒரு இன்ச் சதுரப் பைப்பை கதவை ஒட்டிய முன் தூணிலிருந்து நடுத்தூணுக்கு, நடுத்தூணிலிருந்து பின்னுக்கு, பிறகு இடமிருந்து வலமாகக் குறுக்கே டாக் அடித்திருந்தால், அதாவது பிறகு எடுத்துவிடும்படி சின்னப் பொட்டு வெல்டிங் வைத்திருந்தால் போதும். சில நூறு ரூபாய் பைப்தான். அதைச் செய்த பிறகும் ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டுத்தான் மறுபக்கத்தைத் தொட வேண்டும். இடையிடையே கதவை மாட்டி மூடிப் பார்க்க வேண்டும்.

போட்ட தகட்டையெல்லாம் திரும்ப அறுத்தோம். நடுவில் மரக்கட்டை வைத்து ஹைட்ராலிக் ஜாக்கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, கதவு வாயின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து, அளவு சேர்ந்ததும் கம்பி வைத்துப் பூட்டினோம்.

அறுத்ததில் முதலில் போட்ட தகடு வீணாகிவிட, சென்னை புதுப்பேட்டைக்கு ராத்திரி பஸ் ஏறினேன். பத்மினிக்கு என்று சொல்லித்தான் ஒரு ஜோடி ரன்னிங் போர்டு கொடுத்தார்கள். எங்கள் ஊர் ஈரோடு வந்து வைத்துப் பார்த்தால் இரண்டு இன்ச் குறைவு, வளைவும் வேறு. திருப்பி எடுக்க மாட்டேன் என்றார் கடைக்காரர். அட்டையில் வடிவம் வெட்டி எடுத்துப் போயிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். கடைசியில் அப்படி ஓர் அட்டை வெட்டி, தகடு மடிக்கும் உள்ளூர் பெண்டிங் பட்டறையில் கொடுத்தேன். 18 கேஜ் சி.ஆர். தகட்டில் (பூச்சு இல்லாத, குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு) அரை நாளில் மடித்துத் தந்தார்கள், அச்சாகப் பொருந்தியது! துருப்பிடிக்காது என்று துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு வாங்காதீர்கள். பற்றவைக்கும்போது எழும் துத்தநாகப் புகையால் ஒரு ராத்திரி முழுக்கக் குளிர்காய்ச்சலில் கிடந்தேன்.

வெல்டிங்குக்கு சி.ஓ.டூ மெஷின் வாடகைக்கு எடுத்தேன். முதல் நாள் வைத்த பொட்டெல்லாம் தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக வந்தது. மெஷினில் கோளாறு என்று அரை நாள் தேடினேன். வெல்டிங்கைக் காற்றுப் படாமல் காக்க மெஷின் விடும் கேஸை, வெயிலுக்காக வைத்திருந்த டேபிள் ஃபேன் ஊதித் தள்ளியிருக்கிறது. நிறுத்தியதும் சரியானது. நீளமாக இழுக்காமல் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொட்டு வைத்து ஆறவிட்டால் தகடு நெளியாது.

தேய்த்த இரும்பை ஒரு இரவுகூட வெறுமனே விடாதீர்கள். ஐப்பசி மழையில் நான் விட்டேன், விடிவதற்குள் மஞ்சளாகப் பூத்துவிட்டது. தேய்த்த அன்றே எபாக்ஸி பிரைமர் அடியுங்கள். சேசிஸ் நம்பர் பக்கம் கிரைண்டர் போகக் கூடாது, கனமாகப் பெயிண்டும் கூடாது. ஆர்.சி. புதுப்பிக்கும்போது பென்சில் தடம் எடுப்பார்கள். ஆர்.சி.யில் நிறம் மாற்றும் அலைச்சல் வேண்டாம் என்று பழைய கிரீம் நிறத்தையே வெளியே கொடுத்து அடித்தேன்.

போன ஞாயிறு அப்பா டிரைவர் பக்கக் கதவை விரல் நுனியால் தள்ளினார். டக் என்று மூடியது. திறந்து இன்னொரு முறை மூடினார். டிக்கியில் ஸ்டெப்னி பள்ளம் மட்டும் பாக்கி, அதற்கு இந்த முறை கம்பி வைத்தாயிற்று.