ஆடிசன் கோடு போட்டவர்

அக்டோபர் 7, திங்கள். ஆக்ஸ்ஃபோர்டு

பேத்தியைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராக போட்லியன் நூலகம். அட்டை தருமுன் உறுதிமொழி வாசிக்க வைத்தார்கள்: உள்ளே நெருப்பு கொண்டுவரமாட்டேன், மூட்டவும் மாட்டேன். பேனாவுக்கும் அனுமதியில்லை, பென்சில்தான்.

கேட்டது கிறிஸ்டோபர் ஆடிசனின் தாள்கள். மதுரையில் முதலாண்டு உடற்கூறியலில் உருப்போட்ட பெயர். கழுத்துக்குழிக்கும் இடுப்புப் பூப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் சரிபாதியில், வயிற்றின் குறுக்கே ஒரு கற்பனைக் கோடு. ஒன்பதாம் விலா நுனி, பித்தப்பையின் அடி எல்லாம் அந்த மட்டத்தில்தான். 40 சடலங்களை அளந்து அவர் போட்ட கோடு. அதை நம்பி முப்பது ஆண்டுகள் கத்தி பிடித்திருக்கிறேன். அவரே பிரிட்டனின் முதல் சுகாதார அமைச்சர் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது. வெட்கம்தான்.

அக்டோபர் 8, செவ்வாய்

முதல் உலகப் போர்க்கால நாட்குறிப்பை ஆடிசனே 1934இல் அச்சிட்டுவிட்டார். பக்கத்தில் அதையும் வைத்துக்கொண்டேன். 1916 டிசம்பரில் லாயிட் ஜார்ஜைப் பிரதமராக்க லிபரல் கட்சி எம்.பி.க்களைத் தலையெண்ணியவர் இவர்: எப்படியும் ஆதரிப்போர் 49, லாயிட் ஜார்ஜால் ஆட்சி அமைக்க முடிந்தால் ஆதரிப்போர் 126. சடலத்தை அளந்த கை சபையையும் அளந்திருக்கிறது!

இரவு என் குறிப்புகளை மகள் வாங்கிப் பார்த்தாள். ஒரு வரிகூட அவளுக்குப் புரியவில்லை. மருந்துச்சீட்டு எழுதிய கை, என்ன செய்வது.

அக்டோபர் 10, வியாழன்

போரிலிருந்து திரும்பியவர்களுக்கு மூன்று ஆண்டில் ஐந்து லட்சம் வீடுகள் என்பது பேச்சு. அதற்காக 1919இல் ஆடிசன் சட்டம் கொண்டுவந்தார். கட்டுமானச் செலவு விண்ணைத் தொட்டது. கடைசியில் எழுந்தவை சுமார் 2,13,000. வரிப்பணம் வீணாகிறது என்று கூச்சல் எழுந்ததும், தலையெண்ணிக் கொடுத்தவரையே லாயிட் ஜார்ஜ் 1921இல் இலாகா இல்லாத அமைச்சராக்கினார். சம்பளம் 5,000 பவுண்டிலிருந்து பாதியானது. ஜூலையில் ராஜினாமா. செலவு எகிறியதில் அவர் பங்கு இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் கோபம் வருகிறது.

மனிதர் முடங்கவில்லை. லேபர் கட்சிக்குப் போய் வேளாண்மை அமைச்சரானார். 1945இல், 76 வயதில், பிரதமர் அட்லியின் அமைச்சரவையில், நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபையின் ஆளுங்கட்சித் தலைவர். எல்லோருக்கும் இலவச மருத்துவம் தரும் தேசிய சுகாதார சேவை பிறந்தபோதும் அதே நாற்காலியில் இருந்தார்.

எனக்கு 68. நூலகப் படியேறினாலே முழங்கால் முனகுகிறது. திங்களன்று அடுத்த பெட்டி.